சைக்கிள் கேள்வி பதில்: இந்த மாதம் மழையும் மார்கழியும்

ஐப்பசி பிறந்ததும் எனக்கு வருகிற கடிதங்களின் குரலே மாறிவிடும். கோடையில் ‘எந்த சைக்கிள் வாங்கலாம்’ என்று கேட்டவர்கள் எல்லாம் இப்போது ‘வண்டி நனைந்துவிட்டது, என்ன செய்ய’ என்று கேட்கிறார்கள். இந்த முறை இரண்டு கடிதங்களில் மையே கரைந்திருந்தது. படிக்க முடிந்தவரை படித்துப் பதில் எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் மெக்கானிக் இல்லை. 1986 முதல் 2019 வரை நங்கநல்லூரிலிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்கு, போக ஆறு வர ஆறு கிலோமீட்டர், சைக்கிளில் போய்வந்த லேத்காரன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆறு மாதமாக ஆபீசுக்கு சைக்கிளில் போகிறேன். வெயிலில் ஒரு தொல்லையும் இல்லை. முதல் மழையில் பிரேக்கைப் பிடித்தும் வண்டி நிற்காமல், முன்னால் நின்ற ஆட்டோவில் போய் முட்டிவிட்டேன். கடைக்காரர் பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். யார் சொல்வது சரி?
(வாசகி, கீழ்க்கட்டளை)

இரண்டு பேர் சொல்வதும் சரி. பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நனைந்த ரிம்மில் அது பிடிக்காது. பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் தண்ணீர் ஒரு மெல்லிய ஏடு மாதிரி நிற்கிறது. சக்கரம் ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றி அந்த ஏட்டைத் துடைத்த பிறகுதான் கட்டை ரிம்மைத் தொடவே செய்கிறது. அந்த ஒன்றிரண்டு சுற்றுக்குள் ஆட்டோ வந்துவிட்டது, அவ்வளவுதான்.

முதலில் ஒரு சோதனை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மையை எடுத்து ரிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் இரும்பு ரிம். பளபளவென்று முலாம் பூசியது. மழையில் அதைப்போல் மோசமானது கிடையாது. கீழே விழுந்தால் அலுமினியம், பரவாயில்லை ரகம். ரிம்முக்குப் பதில் சக்கரத்தின் நடுவில் உள்ள தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் வண்டியாக இருந்தால் இந்தக் கவலை பாதி குறையும், அந்தத் தகடு ரோட்டுத் தண்ணீருக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால்.

என் பழைய வண்டி அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ், 22 இஞ்ச், கம்பி பிரேக், இரும்பு ரிம். அதில் ஒரு ஐப்பசி மாதம் ஆலந்தூர் மார்க்கெட் பக்கம் வந்துகொண்டிருந்தேன். முன்னால் சீதாப்பழக் கூடையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தேன், செருப்பைத் தரையில் தேய்த்தேன், மணி அடித்தேன், ‘அம்மா அம்மா’ என்று கத்தினேன். வண்டி மட்டும் அமைதியாகப் போய்க் கூடையில் ஏறிக்கொண்டது. நான் சகதியில் கிடக்கிறேன், அந்த அம்மாள் ஒவ்வொரு சீதாப்பழமாக எடுத்து அமுக்கிப் பார்க்கிறார். நசுங்கியது பதினொன்று என்று கணக்கு வந்தது. காசு கொடுத்துவிட்டு அத்தனையையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அந்த மாதச் சம்பளம் வந்ததும் முதல் வேலையாக இரண்டு ரிம்மையும் அலுமினியத்துக்கு மாற்றினேன்.

ரிம் மாற்ற வசதிப்படாவிட்டால் பழக்கத்தை மாற்றுங்கள். நிற்க வேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். அது நிறுத்துவதற்கு அல்ல, ரிம்மைத் துடைப்பதற்கு. துடைத்த பிறகு பிடித்தால் நிற்கும். சிக்னல் சிவப்பாகும் வரை காத்திருக்காதீர்கள், பச்சையாக இருக்கும்போதே துடைக்க ஆரம்பித்துவிடுங்கள்.

இன்னொன்று: மழை நாளில் பிரேக் பிடித்தால் ‘கர கர’ என்று ஒரு சத்தம் வரும். நிறையப் பேர் அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறார்கள். கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், ரப்பரில் மணலும் வெள்ளிப் பொடி மாதிரி உலோகத் துணுக்கும் பதிந்திருக்கும். அது உங்கள் ரிம்மின் உடம்பிலிருந்து சுரண்டி எடுத்தது. ஒரு ஊக்கை எடுத்துத் துணுக்குகளை நெம்பி எறிந்துவிட்டு, கட்டையை உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்து மாட்டுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

ரோட்டில் வழுக்கும் இடங்கள் எவை என்றும் கேட்டிருந்தீர்கள். பாதசாரிகள் கடக்கப் போட்ட வெள்ளைப் பட்டை, சாக்கடை மூடி, மெட்ரோ வேலைக்காகப் போட்டு வைத்திருக்கும் இரும்புத் தகடு, மரத்தடியில் உதிர்ந்து ஊறிக் கிடக்கும் பூவும் இலையும். இவற்றின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், ஹேண்டிலைத் திருப்பாதீர்கள், நேராக உருண்டு கடந்துவிடுங்கள். பல நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையின் முதல் அரை மணி நேரம்தான் மோசம். ரோட்டில் சிந்திக் காய்ந்த ஆயிலெல்லாம் மேலே மிதந்து வரும். அந்த நேரத்தில் டீக்கடையில் ஒதுங்குவதில் தப்பே இல்லை.

மழைக்கோட்டா, தலைவழியாகப் போடும் பெரிய பிளாஸ்டிக் அங்கியா, குடையா? எது நல்லது?
(வாசகர், திருவல்லிக்கேணி)

குடையை விட்டுவிடுங்கள். ஒரு கையில் குடை, ஒரு கையில் ஹேண்டில், ஒரே ஒரு பிரேக். கடற்கரைச் சாலையில் வடகிழக்கிலிருந்து ஒரு காற்று அடித்தால் குடை உங்களை இழுத்துக்கொண்டு போகும். அங்கி போட்டாலும் அதே கதைதான், காற்றில் பாய்மரம் மாதிரி உப்பிக்கொள்ளும். நேப்பியர் பாலத்தில் என் சிநேகிதர் ஒருவர் அப்படி உப்பிக்கொண்டு, மிதிக்க மிதிக்க நின்ற இடத்திலேயே நின்றார்.

கோட்டும் பேண்ட்டும் தனித்தனியாக இருக்கும் மழைக்கோட்டு தேவலை. ஆனால் ஒன்று, சென்னை மழையில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு மிதித்தால் வெளியே மழையில் நனைவதைவிட உள்ளே வேர்வையில் அதிகம் நனைவோம். இங்கே டிசம்பர் மழையும் குளிர்ந்த மழை இல்லை. அதனால் கடைசிப் பத்து வருஷம் நான் மழைக்கோட்டையே விட்டுவிட்டேன். அரைக்கால் சட்டை, பழைய பனியன், தலையில் முன்பக்கம் நீட்டிய தொப்பி. தொப்பி அவசியம், அது இல்லாவிட்டால் மழைத்துளி கண்ணில் ஊசி மாதிரி குத்தும். உடம்பு நனையட்டும், பை நனையக்கூடாது. பைக்குள் ஒரு தடித்த பிளாஸ்டிக் கவர், அதற்குள் துணி. செல்போனுக்கு நன்றாகக் கழுவிக் காயவைத்த பால் கவர் போதும், அதன் வாயை இரண்டு மடிப்பு மடித்து ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள்.

நனைந்துகொண்டே போனால் ஆபீசில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.
(வாசகர், அம்பத்தூர்)

திங்கட்கிழமை இரண்டு செட் துணியும் ஒரு துண்டும் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிடுங்கள். பத்து நிமிஷம் முன்னதாகப் போங்கள். புதன்கிழமைக்குள் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாவிட்டால் அவர்களுக்கு வேலை குறைவு என்று அர்த்தம்.

செயினில் துரு ஏறுகிறது என்று தேங்காய் எண்ணெய் போட்டேன். நவம்பரில் நன்றாக ஓடியது. இப்போது காலையில் எடுத்தால் செயின் பிசுபிசுவென்று கனமாக இருக்கிறது. மதியம் சரியாகிவிடுகிறது. என்ன வியாதி இது?
(கல்லூரி மாணவர், குரோம்பேட்டை)

தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். வியாதி செயினுக்கு இல்லை. குளியலறை மாடத்தில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் போய்ப் பாருங்கள், வெள்ளையாக உறைந்து நிற்கும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும். மார்கழியில் சென்னையில் விடியற்காலை 20, 21 டிகிரி. பாட்டிலில் நடப்பதுதான் செயினிலும் நடக்கிறது. மதியம் வெயில் ஏறினால் உருகிவிடுகிறது, அதனால்தான் உங்களுக்குச் சரியான மாதிரி தெரிகிறது. நம் ஊரில் குளிர் வந்துவிட்டது என்பதற்கு அந்த பாட்டில்தான் அத்தாட்சி, தெர்மாமீட்டர் வேண்டாம்.

சமையல் எண்ணெய் எதுவுமே செயினுக்கு ஆகாது. நாளானால் பசை மாதிரி இறுகும், மண்ணையும் பிடித்துவைக்கும். சிலர் கிரீஸை அப்பிவிடுகிறார்கள், அதுவும் வேண்டாம். ரோட்டு மணல் அதில் ஒட்டி உப்புத்தாளாகவே ஆகிவிடும். தையல் மெஷின் ஆயில் கோடைக்குச் சரி, மழையில் ஒரே நாளில் கழுவிக்கொண்டு போய்விடும். மழைக்காலத்துக்குக் கொஞ்சம் கெட்டியான ஆயில் வேண்டும். சைக்கிள் செயினுக்கென்றே விற்பதை வாங்கினால் உத்தமம், இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு ஊற்றும் புது ஆயில். கவனியுங்கள், புது ஆயில். ஒர்க்‌ஷாப்பில் வடித்து வைத்த கறுப்பு ஆயிலில் உலோகப் பொடி கலந்திருக்கும்.

போடும் விதம் இப்படி. பழைய பனியன் துணியில் கொஞ்சம் டீசலைத் தொட்டுக்கொண்டு செயினைப் பிடியுங்கள், மறு கையால் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். துணி கறுப்பாகும். துணியைத் திருப்பித் திருப்பி, கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும் துடையுங்கள். காய்ந்த பிறகு ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு, செயினின் உள்பக்கமாக. கண்ணிக்குள் ஆயில் இறங்கப் பத்து நிமிஷம் விட்டு, வெளியே இருப்பதை எல்லாம் துடைத்துவிடுங்கள். ‘போட்டதையே துடைப்பதா’ என்று கேட்பீர்கள். ஆயிலுக்கு வேலை உள்ளேதான், வெளியே இருப்பது மண் பிடிக்க மட்டுமே உதவும். உங்கள் வண்டியில் பின்பக்கமாகச் சுற்றினால் பிரேக் பிடிக்கும் ரகம் என்றால் ஸ்டாண்டில் போட்டு முன்பக்கமாகச் சுற்றுங்கள்.

மழையில் நனைந்து வந்த அன்று இரவே செயினைக் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு துடைத்துவிட்டால் துரு பாதி குறையும். பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மழை இல்லாத நாளிலும் இந்தத் துருத் தொல்லை உண்டு, உப்புக்காற்று விடாது.

எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். சைக்கிளுக்கு எஞ்சின் கிடையாது, சைலன்சர் கிடையாது, அணைந்து போகாது. அப்படியே மிதித்துப் போய்விடலாம்தானே?
(வாசகர், மடிப்பாக்கம்)

கூடாது. இறங்குங்கள்.

அணைந்து போகாது என்பது சரிதான். ஆனால் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வடிகால் பள்ளம் தோண்டி வைத்திருக்கலாம், சாக்கடை மூடி நகர்ந்திருக்கலாம், கேபிளுக்காக வெட்டிய குழியை மேலோடு மண் போட்டு மூடியிருக்கலாம். போன மாதம் வரை பார்த்த தெருதானே என்று நினைப்போம். தண்ணீர் வந்த பிறகு அது வேறு தெரு.

வண்டிக்கும் நல்லதில்லை. பெடல் அச்சு தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு அடி உயரம், சக்கரத்தின் நடு அச்சு அதைவிடக் கொஞ்சம்தான் மேலே. முழங்கால் தண்ணீரில் இரண்டும் மூழ்கிவிடும். உள்ளே இருக்கும் பால்ஸுக்கும் (இரும்புக் குண்டுகள்) அவை உருளும் கப்புக்கும் நடுவில் சேற்றுத் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கெடுக்கும். பத்து நாள் கழித்துப் பெடலை மிதித்தால் ‘கடக் கடக்’ என்று ஒரு சத்தம் வரும். அப்படி மூழ்கிய வண்டியை மழை விட்டதும் முழுசாகக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டும் ஓவராயிலுக்குக் கொடுத்துவிடுங்கள். தள்ளிப் போடப் போடக் கப்பும் சேர்ந்து போகும்.

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே கொட்டிக்கொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் பட்டறையை மூடிவிட்டு எல்லாரையும் போகச் சொல்லிவிட்டார்கள். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்திருக்கிறது என்பதெல்லாம் பிறகு பேப்பரில் படித்துத்தான் தெரியும். அன்றைக்குத் தெரிந்தது இடுப்புக்குக் கீழே தண்ணீர், இடுப்புக்கு மேலே மழை, அவ்வளவே. பழவந்தாங்கல் சுரங்கப்பாதை பக்கம் தலைவைத்தே படுக்க முடியாது என்று தெரிந்ததால் ஆலந்தூர் வழியாகச் சுற்றிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அன்று கற்றுக்கொண்ட ஒரு விஷயம். சைக்கிளைப் பக்கத்தில் வைத்துத் தள்ளாமல் அரை அடி முன்னால் விட்டுத் தள்ள வேண்டும். குருடர் கையில் இருக்கும் கோல் மாதிரி, முன் சக்கரம் உங்களுக்கு முன்னால் தரையைத் தடவிக்கொண்டு போகும். ஒரு தெரு முனையில் ஹேண்டில் திடீரென்று கையை விட்டுக் கீழே பிடுங்கிக்கொண்டு போனது. முன் சக்கரம் முழுசாகக் காணோம். வடிகால் மேல் போட்ட சிமெண்ட் பலகை ஒன்று இல்லை, அந்த ஓட்டைக்குள் சக்கரம் அச்சு வரை இறங்கி, ஃபோர்க்கு முட்டிக்கொண்டு நின்றது. அடுத்த எட்டு வைத்திருந்தால் என் கால்தான் அங்கே. பின்னால் வந்த இரண்டு பையன்கள் கேரியரைப் பிடித்துத் தூக்கினார்கள். சக்கரத்தில் லேசாகக் கோட்டம், நாலு போக்ஸ் கம்பி தளர்வு. காலுக்கு ஒன்றும் இல்லை. கோட்டம் எடுக்க எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

தள்ளும்போது நடு ரோட்டில் தள்ளுங்கள், ரோடு நடுவில்தான் மேடு. ஓரத்தில் நிற்கும் மின்சாரப் பெட்டி, தெருவிளக்குக் கம்பம், கடை வாசல் இரும்புப் பந்தல் எதையும் பிடித்துக்கொள்ளாதீர்கள். தண்ணீரில் அவை எப்போது கரண்ட் விடும் என்று சொல்ல முடியாது. அறுந்த கம்பி கிடந்தால் அந்தத் தெருவே வேண்டாம், திரும்பிவிடுங்கள். திறந்து கிடக்கும் குழியைப் பார்த்தால் மாநகராட்சிக்கு 1913-இல் சொல்லுங்கள், சொல்லிவிட்டு ஒரு தென்னை மட்டையையாவது நட்டுவிட்டுப் போங்கள். சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால், பேரிகேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே போகாதீர்கள். அரங்கநாதன் ஆகட்டும், கணேசபுரம் ஆகட்டும், எங்கள் பழவந்தாங்கல் ஆகட்டும், மேலிருந்து பார்த்தால் கணுக்கால் அளவு மாதிரிதான் தெரியும். நடுவில் போனால் பஸ்ஸே நிற்கும்.

சைக்கிள்காரனுக்கு இருக்கும் ஒரே வசதி, எந்த இடத்திலும் இறங்கிப் பாதசாரி ஆகிவிடலாம் என்பதுதான். காரில் போகிறவருக்கு அது கிடையாது. தள்ளிக்கொண்டு போவதைக் கேவலமாக நினைக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். எனக்கு அது புரிவதில்லை.

தெருவில் தேங்கிய தண்ணீரில் தினமும் நடந்து கால்விரல் இடுக்கெல்லாம் வெந்துவிட்டது.
(வாசகி, வேளச்சேரி)

சேற்றுப்புண். வீடு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கைத் துணி விட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். பாதி பேர் கழுவுவார்கள், துடைக்க மாட்டார்கள். மழையில் மூடிய ஷூ வேண்டாம், பின்பட்டி வைத்த ரப்பர் செருப்பு போடுங்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் அந்தத் தண்ணீரில் இறங்கவே கூடாது, எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரலாம். வெள்ளத்தில் நடந்த பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள், தண்ணீரில் நடந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள்.

மழையில்தான் பஞ்சர் அதிகமாகிறதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?
(வாசகர், கொளத்தூர்)

உங்களுக்கு மட்டும் இல்லை. ஓடுகிற தண்ணீர் கண்ணாடித் துண்டு, கம்பி, முள் எல்லாவற்றையும் அரித்துக்கொண்டு வந்து ரோட்டோரத்தில் சேர்க்கிறது. நாம் போவதும் ரோட்டோரம். அது போக, ஈரமான ரப்பரில் கண்ணாடி சுலபமாக இறங்கும். பஞ்சர் போடுகிறவர்களைக் கேளுங்கள், ரப்பரை வெட்டும்போது கத்தியைத் தண்ணீரில் தொட்டுக்கொள்வார்கள். அதே சூட்சுமம்தான்.

மழையிலேயே பஞ்சர் ஒட்ட வேண்டி வந்தால் டியூபை எலும்பு மாதிரிக் காயவைத்த பிறகுதான் சொல்யூஷன் தடவ வேண்டும். ஈரத்தில் ஒட்டிய ஒட்டு அடுத்த தெரு வரை வரும். நான் ஒரு பழைய டியூபைப் பஞ்சர் போட்டுக் காற்றில்லாமல் சுருட்டி சீட்டுக்கு அடியில் கட்டி வைத்திருப்பேன். வழியில் போனால் டியூபையே மாற்றிவிட்டு, ஒட்டுகிற வேலையை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். டயரின் உள்பக்கம் விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்காமல் புது டியூபைப் போடாதீர்கள். குத்தினவன் இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருப்பான்.

மகன் படிப்புக்காக ஃபின்லாந்தில் ஔலு என்ற ஊருக்குப் போயிருக்கிறான். அங்கே பனியில், மைனஸ் 15 டிகிரியில், காலேஜுக்கு சைக்கிளில் போகிறேன் என்கிறான். போட்டோவில் சைக்கிளே தெரியவில்லை, பனிதான் தெரிகிறது. எனக்குத் தூக்கம் வரவில்லை. நீங்கள் அவனுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள்.
(வாசகி, மேற்கு மாம்பலம்)

அம்மா, நான் பனியைப் பார்த்தது ஃப்ரிட்ஜில் மேல்தட்டில் மட்டும்தான். ஆனாலும் சைக்கிள்காரர்களுக்குள் ஔலு என்ற பெயர் கொஞ்சம் பிரபலம். குளிர்கால சைக்கிள் பயணத்துக்கென்று ஒரு சர்வதேச மாநாடு நடத்துகிறார்கள், 2013-இல் முதல் மாநாடு நடந்ததே உங்கள் மகன் இருக்கும் ஊரில்தான். சைக்கிளுக்கென்று தனிப்பாதைகள் ஊர் முழுக்க இருக்கின்றன, அவற்றில் பனியைத் தள்ளி, சமன் செய்து, பொடிக்கல் தூவி வைப்பார்கள். அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே அந்தக் குளிரில் சைக்கிளில் போகிறார்கள். அண்ணா சாலையில் சைக்கிள் ஓட்டுகிற பையனைப் பற்றிப் படுவதில் பாதிக் கவலை போதும்.

அவனிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் சொல்கிறேன். டயரில் ஆணி இருக்கிறதா? பதற வேண்டாம், அது வேறு ஆணி. பனிக்கட்டியில் பிடிப்பதற்காக டயரின் வெளிப்பக்கம் சின்னச் சின்ன உலோகக் குமிழ் பதித்த டயர் அங்கே விற்கும். அது இருந்தால் அவ்வளவாக வழுக்காது. காற்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். விளக்கு முன்னும் பின்னும் எரிகிறதா? டிசம்பர் கடைசியில் அங்கே பகல் வெளிச்சமே மூன்றரை மணி நேரம்தான். கையில் ஐந்து விரல் கையுறையா, விரல்கள் எல்லாம் ஒன்றாக இருக்கும் பை மாதிரி உறையா? இரண்டாவதுதான் சூடு, விரல்கள் ஒன்றை ஒன்று காப்பாற்றும்.

நீங்கள் கனமான ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அனுப்புங்கள், வீட்டில் போட்டுக்கொள்ளட்டும். சைக்கிள் மிதிக்கும்போது ஒரே கனமான உடுப்பு வேண்டாம், மெல்லியதாக இரண்டு மூன்று. கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும், அப்போதுதான் பத்து நிமிஷம் மிதித்த பிறகு சரியாக இருக்கும். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் வழியில் வேர்க்கும், நின்றதும் அந்த வேர்வை குளிரில் வதைக்கும். வேர்வைதான் எதிரி என்கிற விஷயத்தில் ஔலுவும் மாம்பலமும் ஒன்று.

மார்கழி விடியற்காலையில் சைக்கிளில் போனால் நெஞ்சு கட்டிக்கொள்ளுமா? எனக்கு வயது 64. மருமகள் குரங்குக் குல்லா இல்லாமல் வெளியே விடுவதில்லை.
(வாசகர், மயிலாப்பூர்)

குல்லா போடுங்கள், ஆனால் காதை முழுசாக அடைக்காமல். பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்க வேண்டும். உங்களுக்கு இழுப்பு உண்டு என்றால் முதல் ஐந்து நிமிஷம் மெதுவாக, வாயை மூடி மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு போகலாம். பழைய மூச்சுத் தொல்லை இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். மருமகளிடம் சண்டை வேண்டாம்.

மார்கழியில் மாடவீதிப் பக்கம் எனக்குத் தொல்லை குளிர் இல்லை, கோலம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு ரோட்டில் பாதி வரை கோலம் போட்டு நடுவில் பூசணிப்பூ வைத்திருப்பார்கள். அதன் மேல் ஏற்ற மனசு வராது. ஒதுங்குகிற ஒதுக்கில் பின்னால் வருகிற பால் வண்டிக்காரருக்கு நாம் எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரியாது. ஒதுங்குவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள், கையைக் காட்டுங்கள்.

போகி அன்று காலை மட்டும் எட்டரை வரை வீட்டில் காபி குடியுங்கள். பழைய டயரைக் கொளுத்துகிற பழக்கம் இன்னும் ஒழியவில்லை. புகையும் பனிமூட்டமும் சேர்ந்து, விமானத்தையே இறங்கவிடாமல் செய்த வருஷங்கள் உண்டு.

என் சைக்கிளில் டைனமோ விளக்கு. மழையில் மட்டும் மினுக்மினுக்கென்று எரிகிறது.
(வாசகர், தண்டையார்பேட்டை)

டைனமோவின் உருளை நனைந்த டயரில் வழுக்குகிறது. கொஞ்சம் இறுக்கி அழுத்தி வைத்தால் ஓரளவு எரியும், ஆனால் மிதிக்கக் கனக்கும். நின்றால் விளக்கும் நிற்கும் என்பது அதன் பிறவிக் குணம். பேட்டரி விளக்கு இரண்டு வாங்குங்கள், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. ஒன்றுதான் முடியும் என்றால் பின் விளக்கை வாங்குங்கள். ஜூனில் ஆறரைக்கு மேல் இறங்குகிற சூரியன் கார்த்திகையில் 5.40-க்கே இறங்கிவிடுகிறது. அதே ஆபீஸ், அதே நேரம், ஆனால் நீங்கள் இருட்டில் வருகிறீர்கள். மழைத்துளி ஒட்டிய கார்க் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். சின்ன வயசில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் டியூபின் வால்வைக் கழற்றிக் காற்றை இறக்கிவிடுவார். அப்போது திட்டிக்கொண்டே தள்ளினேன்.

முப்பத்து மூன்று வருஷத்தில் மழைக்குப் பயந்து சைக்கிளை விட்டுவிட்டு ரயிலில் போனது எத்தனை நாள்? உண்மையைச் சொல்லவும்.
(வாசகர், வில்லிவாக்கம்)

நிறைய நாள். எண்ணவில்லை. பழவந்தாங்கலில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் கிண்டி. நனைந்த சட்டையைப் பிழிகிற மாதிரி மழை பெய்யும்போது அதில் ஏறாமல் சைக்கிளில் போக எனக்கு என்ன வேண்டுதலா?

ஆனால் ஒரு நாளைச் சொல்கிறேன். 2016 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பின் சக்கரத்தில் பஞ்சர். ஒட்ட அலுத்துப்போய் வண்டியைப் பட்டறை காம்பவுண்டில் தூங்குமூஞ்சி மரத்தடியில் பூட்டிவிட்டு ரயிலில் வந்துவிட்டேன். திங்கட்கிழமை, 12-ஆம் தேதி, வர்தா புயல். மத்தியானம் காற்று நின்றது, சரி முடிந்தது என்று வெளியே வந்தோம், அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடியும் அடித்தது. ஊரில் ஆயிரக்கணக்கான மரம் விழுந்தது. புதன்கிழமை காலையில் நடந்தே போனேன். வழி முழுக்க மரம்தான், சில இடத்தில் கிளைக்கு அடியில் குனிந்து, சில இடத்தில் மேலே ஏறி.

எங்கள் தூங்குமூஞ்சியும் வேரோடு சாய்ந்து கிடந்தது, சரியாக சைக்கிள் இருந்த பக்கமாக. மரம் வெட்டுகிற ஆட்கள் வர மூன்று நாள் ஆயிற்று. கிளையைக் கழித்து, நடுத்தண்டை உருட்டிப் பார்த்தால், அது இரண்டு பெரிய கிளைகளை ஊன்றிக்கொண்டு ஒரு முழம் உயரத்தில் நின்றிருக்கிறது. அந்தச் சந்தில் வண்டி படுத்துக் கிடந்தது. ஒரு போக்ஸ்கூட உடையவில்லை. மணியை மட்டும் காணோம், அதைப் புயல் எடுத்துக்கொண்டு போனதா, மரம் வெட்ட வந்தவர்கள் யாராவதா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான். பஞ்சரை ஒட்டி, காற்றடித்து, புது மணி வாங்கும் வரை வாயால் ‘ட்ரிங் ட்ரிங்’ என்று சொல்லிக்கொண்டே ஒரு வாரம் ஓட்டினேன்.